சித்தப்பா சரிசெய்த ஹேண்ட்பிரேக்

அப்பா பழைய கார் ஒன்றை வாங்கியபோது எனக்கு ஒன்பது வயது. காரோடு சேர்த்து எனக்கும் ஓர் உத்தியோகம் வந்தது. வண்டியின் ஹேண்ட்பிரேக் தொளதொளவென்றிருக்கும். எவ்வளவு மேலே இழுத்தாலும் சரிவில் நிற்காது. அதனால் வண்டி எங்கே நின்றாலும், அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுப்பதற்குள் நான் குதித்து இறங்கி, ஒரு கருங்கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டைகொடுக்க வேண்டும். “பாப்பா, கல்லு!” என்று அவர் குரல் கொடுக்கும்போது எனக்கு ஒரு மிதப்பு வரும். கலெக்டருக்குக்கூட அப்படி வந்திருக்காது.

கீரனூரில் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். இருவரும் கேபிளை முடுக்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் சக்கரம் சூடேறிக்கொண்டு ஓடும், பிறகு பழையபடி தொளதொளத்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா துபாயிலிருந்து லீவில் வந்தார். அங்கே கார் பட்டறையில் வேலை. அவர் வந்து இரண்டு மாதத்துக்குள் சித்தி மாசமானாள். இனித் திரும்பிப் போவதில்லை, திருச்சி ரோட்டிலிருக்கும் அப்பாவின் காலி மனையில் சொந்தமாகப் பட்டறை போடுவது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அப்பா எதற்கும் சட்டென்று தலையாட்டுகிறவர் இல்லை. “மொதல்ல நம்ம வண்டி பிரேக்க நிக்க வையி, பெறகு பாப்போம்” என்றார்.

சித்தப்பா பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கட்டைகள் முட்டுக்கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். “பின்னாடியும் டிஸ்க் பிரேக்குண்ணே இது. சும்மா கேபிளயே முடுக்குனா ஆவாது” என்றார். ஒவ்வொரு டிஸ்க்கையும் கவ்வுகிற பாகத்தில் சின்னதாக ஒரு கை இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் கேபிள் அதைத்தான் இழுக்கும். துருவேறி அது பாதியில் மாட்டிக்கொண்டிருந்தது. கேபிளை முழுக்கத் தளர்த்திவிட்டு, எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி அந்தக் கை தன் இடத்துக்குத் திரும்பும்படி செய்தார். கால் பிரேக்கைப் பலமுறை மிதித்தார். கடைசியில்தான் கேபிளை முடுக்கினார், அதுவும் கொஞ்சம்தான். லீவரை இழுத்தபோது ஆறாவது ‘கடக்’கில் கெட்டியாகப் பிடித்தது. கீழே விட்டால் சக்கரம் தாராளமாகச் சுற்றியது.

என் கல்லைத் தூக்கி வாழைப்பாத்தி ஓரத்தில் போட்டுவிட்டு, “இனிமே கலெக்டரம்மாவுக்கு லீவு” என்று சிரித்தார். நான் போய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் குலசாமிக்குப் பொங்கல் வைத்தோம். கோவில் ஒரு கண்மாய்க்கரையின் கீழே இருக்கிறது. அப்பா வேண்டுமென்றே கரைச் சரிவில் காரை நிறுத்தி, கியரில் போடாமல் ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு இறங்கினார். அரைமணி நேரம் வண்டி அசையவில்லை. இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்தார். “பரவால்லடா. தை பொறந்ததும் கொட்டகையப் போட்டுக்க” என்றார். சித்தி அடுப்புப் புகையைச் சாக்காக வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தேங்காய்ப் பையை எடுத்துவர அம்மா என்னைக் காருக்கு அனுப்பினாள். வண்டி கொஞ்சமாவது நகர்ந்தால் மறுபடியும் என்னைக் கல் வைக்கச் சொல்வார்கள் என்று தோன்றியது. அவ்வளவுதான் என் யோசனை. செருப்பைக் காருக்குள்ளேயே உதறிவிட்டு டிரைவர் சீட்டில் முட்டிபோட்டு, இரண்டு கைகளாலும் லீவரைக் கீழே தள்ளினேன். வண்டி அசைந்தது. பயந்துபோய் மேலே இழுத்தேன். மூன்று ‘கடக்’ கேட்டது, அதற்கு மேல் என் பலத்துக்கு வரவில்லை. வண்டி நின்றுவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடிவந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கார் பின்னோக்கி உருண்டு வந்தது. சித்தியின் பொங்கல் பானையைச் சிதறடித்துவிட்டு வேப்பமரத்தில் முட்டி நின்றது. சித்தி அப்போதுதான் அடுப்பைவிட்டு எழுந்து நாலடி நகர்ந்திருந்தாள்.

அப்பா எல்லோர் முன்னாலும் கத்தினார். “ஒன்ன நம்பி புள்ளகுட்டிய ஏத்துனேன் பாரு! நீ பட்டற வச்சு ஊரானையும் கொல்லவா?”

சித்தப்பா போய்க் கார்க் கதவைத் திறந்தார். லீவரைப் பார்த்தார். கீழே குனிந்து எதையோ எடுத்து மடித்த வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, “என் தப்புதாண்ணே. இன்னும் கொஞ்சம் முடுக்கியிருக்கணும்” என்றார்.

கிளம்பும்போது என் செருப்புகள் இரண்டும் என் காலடியில் இருந்தன. அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இரண்டு அடி விழுந்திருக்கும், அதோடு முடிந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. ஆனால் அன்று, மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி மட்டும்தான் இருந்தது.

மனையைப் பற்றிய பேச்சு அதன்பிறகு வரவில்லை. அடுத்த மாதம் சித்தப்பா மறுபடியும் துபாய்க்குப் புறப்பட்டார். “போயிட்டு வாரேன். ஒனக்கு என்ன வேணும், சொல்லு” என்று என்னைக் கேட்டார். சாக்லேட், கலர் பென்சில், விளக்கு எரிகிற வாட்ச் என்று அடுக்கினேன்.

இரண்டு வருடம் கழித்து வந்தபோது ஒன்றுவிடாமல் கொண்டுவந்திருந்தார். அவர் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. வாசலில் பெட்டியை வைத்துவிட்டு அவர் இரண்டு கைகளையும் நீட்டியதும், அவள் யாரோ என்று மிரண்டு ஓடிவந்து என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னிடம்தான் வந்தாள் என்ற பெருமையில் நானும் சிரித்தேன்.