இன்னும் யூனியனில் சேராத நாடு

யூனியன் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது. கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையொன்றில் வெல்டராக இருந்த என் கணவர், யூனியனில் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரமே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் சுற்றுவட்டாரத்தில் ஒரு கம்பெனியும் அவரை உள்ளே விடவில்லை. ஏஜென்ட் ஒருவரைப் பிடித்து செர்பியாவுக்குப் போனார். நான் ஆரம்பாக்கத்து வீட்டிலிருந்து தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்கு பேக்கிங் வேலைக்குப் போய்வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னார்: "இந்த நாடு யூனியன்ல சேரப் போவுதாம்மே."

"ஐயய்யோ! பட்டது பத்தாதா? எவனாவது சேர்ந்துட்டுப் போறான். நீ கையெழுத்து கிய்யெழுத்து போட்டு வெக்காதய்யா!"

விழுந்து விழுந்து சிரித்தார். "அட லூசு, இது தொழிலாளி யூனியன் இல்ல. ஐரோப்பிய யூனியன். நாடுங்க சேர்றது."

அதில் சேர்வதற்காக அன்றைக்கு அங்கே ஓட்டெடுப்பாம். நீதிபதிகளை எப்படி நியமிப்பது என்று அரசியல் சாசனத்தையே மாற்றுகிறார்களாம்.

"அவங்க சாசனத்த மாத்தச் சொல்ல யூனியன்காரங்க யாருய்யா?"

"யாரும் கழுத்துல கத்தி வெக்கலமே. சேர்ந்தா யாவாரம் கீது, வேலை கீது. அதான் அவங்களே ஓட்டு போட்டு மாத்திக்கறாங்க. எங்க ஃபோர்மேனுக்குத்தான் புடிக்கல, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறான்."

குடிமையியல் பாடத்தில் இறையாண்மை என்று ஒரு சொல் வரும். பரீட்சைக்கு உருப்போட்டதோடு சரி. ஆனால் கல்யாணமான புதிதில் கூட்டுக் குடும்பத்தில் இருந்தவள் நான். எல்லோருக்கும் சோறு உண்டு, என்ன குழம்பு என்பது மட்டும் நம் கையில் இல்லை. அந்த ஃபோர்மேனின் மூஞ்சி எனக்குப் புரிந்தது.

அந்த நாளில் நம் பாஸ்போர்ட் இருந்தால் செர்பியாவில் ஒரு மாதம் விசா இல்லாமலே இருக்கலாம். அவருக்கு ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை என்பதால், அடுத்த பொங்கலுக்கு நானே போவதென்று முடிவு செய்தோம். லீவு சொல்லியாயிற்று. அவர் ஒரு அறை பார்த்து வைத்தார். "ஜன்னல் தொறந்தா ஆறு தெரியுதுமே. ரெண்டு பேரும் அங்க குந்திக்கினு டீ குடிக்கலாம்" என்றார். நான் கத்திரிப்பூ நிறத்தில் ஸ்வெட்டர் வாங்கினேன். ஆரம்பாக்கத்துப் புழுக்கத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க அதைப் போட்டுப் பார்ப்பேன். கழற்ற மனசே வராது.

வருஷக் கடைசியில் அவர் குரல் இறங்கியிருந்தது. "புது வருஷத்துலேர்ந்து நம்ம ஆளுங்களுக்கும் விசா வேணுமாம். யூனியன்காரங்க ரூல மாத்தச் சொன்னாங்களாம்."

"இன்னும் சேரவே இல்லியேய்யா!"

"சேரணும்னா இப்பவே அவங்க மாதிரி நடந்துக்கணுமாம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தன் வீட்டுக் கதவை யாருக்குத் திறப்பது என்பதைக்கூட அடுத்தவர் கேட்டபடி மாற்றிக்கொள்ளும் நாடு என்ன நாடு என்று கத்தினேன். விசாவுக்கு அழைப்புக் கடிதம் வேண்டும். அவர் முதலாளி தர மறுத்துவிட்டார். பொங்கலன்று நான் பேக்கிங்கில் நின்றேன்.

யூனியனில் சேர்ந்ததால் அவர் போனார். யூனியனில் சேர ஆசைப்பட்ட நாடு என்னைத் தடுத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இப்போதும் ஞாயிறுதோறும் போனை எடுத்ததும், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், "சேர்ந்துச்சா?" என்பேன். "இன்னும் இல்லமே" என்பார். எங்களுக்குள் அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. போன வாரமும் கேட்டேன்.

"இல்லமே. ஆமா, அது சேர்ந்தா இன்னா, சேராட்டி இன்னா? உனுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ அக்கறை?"

கேலியாகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எந்த நாடு எதுல சேர்ந்தா எனுக்கு இன்னாய்யா? நாம ரெண்டு பேரும் எப்பய்யா சேர்றது?"

 போனில் அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.