பால் காய்ச்சியவள்

அண்ணைக்கும் எனக்கும் வழக்கு நடந்த அந்த ஒன்றரை வருடத்தை இப்போது நினைத்தால் கோபத்தைவிடச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. அப்போது அப்படியில்லை. அவருடைய பேச்சை எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெம்பிளியில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அண்ணை ஜெர்மனியை விட்டு இங்கே வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து தொடங்கியது. பதினாறு வருடம் நடத்தினோம். மரக்கறிப் பெட்டி இறக்கி அடுக்குவது நான், கல்லாவில் இருப்பது அவர். லீஸ் என்ற கடைக் குத்தகைப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. அண்ணன் தங்கைக்குள் எழுத்து என்ன வேண்டிக் கிடக்கிறது என்று இருவருமே இருந்துவிட்டோம். ஒருநாள், கடையை அவர் விற்கப்போகிறார் என்ற செய்தியைச் சாமான் வாங்க வந்த ஒருத்தி சொல்லித்தான் அறிந்தேன். போய்க் கேட்டதற்கு, "உனக்கும் ஏதும் பாத்துத் தருவன்தானே" என்றார். பார்த்துத் தருவாராம்! நான் என்ன கூலிக்கு நின்றவளா? அன்றே சொலிசிட்டரிடம் போய்விட்டேன்.

சொலிசிட்டர் தமிழ்நாட்டுப் பெண், என்னைவிட இளையவள். கடை எனக்கும் சொந்தம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை என்றதும், நினைவில் இருப்பதையெல்லாம் எழுதித் தரச் சொன்னாள். கொப்பியில் நாற்பது பக்கம் எழுதினேன். முதல் வெள்ளிக்கிழமை முருங்கைக்காய்க்குச் சனம் வரிசையில் நின்றதை எழுதினேன். குளிர் நாட்களில் அண்ணை பிளேன் டீ ஊற்றிவந்து, வாய் திறக்காமல் என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவதையும் எழுதினேன். எழுத எழுதக் கோபம் இறங்கிக்கொண்டே போனது. இடையிடையே பேனாவை வைத்துவிட்டு, அந்தப் 'பாத்துத் தருவன்' என்ற சொல்லை நினைத்துத் திரும்ப ஏற்றிக்கொண்டேன். அவளோ எல்லாவற்றையும் வெட்டி ஐந்து பக்கமாக்கினாள். தேநீர் போய்விட்டது.

பிறகு அண்ணையின் வாக்குமூலம் வந்தது. அவருடைய வெள்ளைக்கார சொலிசிட்டர் ஆங்கிலத்தில் எழுதியது. கடை முழுக்க அண்ணையுடையதாம். தங்கை நேரம் கிடைத்தபோது வந்து உதவினாளாம். ஆனால் நாலாம் பக்கத்தில், கடை திறந்த நாளைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஒரு வரி இருந்தது: அன்று பால் காய்ச்சியது என் தங்கை, பால் பொங்கி வழிந்து, புகை எழும்பி, ஃபயர் அலாரம் அடித்தது.

வெள்ளைக்காரர் அதை வேடிக்கைக் கதை என்று நினைத்து விட்டுவைத்திருப்பார். என்னுடைய சொலிசிட்டர் அந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். புதுக் கடையில் பால் காய்ச்சுவது அதற்கு உரியவள்; உதவிக்கு வந்தவளைக் கொண்டு எங்கள் சனம் காய்ச்சாது. அண்ணியும் அன்று அங்கேதான் நின்றார். அப்படியிருந்தும் அண்ணை என்னைத்தான் அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஆமா அக்கா, இது போதும். இதை வெச்சே லெட்டர் எழுதிடுறேன்," என்றாள்.

எழுதச் சொன்னேன். கோர்ட்டுக்குப் போக முன்னரே, பாதி எனக்கு என்று முடிந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. மற்ற எல்லாவற்றையும் மறைத்த மனிதருக்குப் பால் காய்ச்சியதை மறைக்க மனம் வரவில்லை. அந்த ஒரு நேர்மையைத்தான் நான் அவருக்கு எதிராகப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு இரண்டு வருடம் பேச்சில்லை. கடையும் கைமாறி, இப்போது அங்கே ஃபோன் திருத்துகிறார்கள்.

போன மாதம் அண்ணை ஃபோன் எடுத்தார். செவன் கிங்ஸ் என்ற இடத்தில் சின்னதாக ஒரு கடை எடுத்திருக்கிறாராம். சுகம் விசாரிக்கவில்லை. கொஞ்சம் இருமினார்.

"வியாழக்கிழமை திறக்கிறன். நீ வந்துதான் பால் காய்ச்சோணும்."

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"காய்ச்சுவன். பிறகு பங்கும் கேப்பன், தெரியும்தானே?"

அண்ணை திரும்பவும் இருமினார்.

"ஓம், தெரியும்," என்றார். "வரேக்கை பாலும் வாங்கிக்கொண்டு வா."