வைக்கோல் போர் மேல் சிவப்புத் துணி

மடைக்காரருக்கு எண்பத்தைந்து வயது. வாய்க்காலில் மடை திறந்து அடைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் வந்த பெயர். வாய்க்காலும் வயலும் கைவிட்டுப் போன பிறகும் பெயர் மட்டும் விடாமல் கூடவே வந்து, நகரத்தில் மகள் இருக்கிற மூன்றாவது மாடிவரை ஏறிவிட்டது. குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டுகிற வீடு அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுடைய அலுவலகத் தோழிகள் வருவார்கள். வந்ததும் இவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "ஐயா, அந்தக் காலத்துக் கதை சொல்லுங்க" என்பார்கள். கரண்ட் இல்லாத வீடு, கையால் இறைத்த கிணறு, மாட்டு வண்டி எல்லாம் அவர்களுக்குத் தித்திக்கும். இறைத்து இறைத்து உள்ளங்கை உரிந்தவருக்கு அதில் என்ன தித்திப்பு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. ஆசையாகக் கேட்க வந்தவர்களின் முகம் வாடக் கூடாதே.

அவர்களுக்கு ரொம்பப் பிடித்தது துணிக் கதை. வீடு மேட்டில் இருந்தது. வயல் ஓடைக்கு அப்பால், அரை மணி நடை. போன் ஏது? வயலிலிருந்து பார்த்தால் தெரியும்படி வீட்டு வைக்கோல் போரின் உச்சியில் மூங்கில் கழி ஒன்றைச் செருகி, அதில் துணி கட்டுவாள் மனைவி. வெள்ளை என்றால் சாப்பாடு தயார். சிவப்பு என்றால் போட்டது போட்டபடி ஓடி வா. "சிவப்பு ஏறுச்சுன்னா மண்வெட்டிய வீசிட்டுப் பறந்துடுவேன்" என்று கையை வீசிக் காட்டுவார். தோழிகள் சிரிப்பார்கள். மகளும் சிரிப்பாள்.

பச்சைப் பொய். ஒரு தடவை அவர் பறக்கவில்லை. அதை மகளிடம் சொல்லாமல் கண்ணை மூடிவிடக் கூடாது என்று நாற்பது வருடமாக நினைக்கிறார். சொன்னால் இருக்கிற ஒரே மகளும் கையை விட்டுப் போய்விடுவாள் என்று வாயை மூடிக்கொள்கிறார்.

அது ஒரு கோடைக்காலம். எட்டு நாளைக்கு ஒரு முறை, அதுவும் அரைப் பகல்தான் அவருக்கு வாய்க்கால் தண்ணீர். முறையை விட்டு நகர்ந்தால் அடுத்த வயல்காரர் மடையை மாற்றிவிடுவார். பயிரோ நுனி கருகிக் கிடந்தது. மத்தியானம் நிமிர்ந்து பார்த்தபோது போர் மேல் சிவப்பு பறந்தது. மனைவிக்கு அப்போது எட்டு மாதம். ஆனால் அந்த மாதத்திலேயே இரண்டு தரம் சிவப்பு ஏறியிருந்தது, ஆடு தானியத்தில் வாய் வைத்ததற்கு ஒரு தரம், பழைய கயிற்றைப் பாம்பென்று பயந்ததற்கு ஒரு தரம். இரண்டு தரமும் தலைதெறிக்க ஓடி, அசடு வழியத் திரும்பி, தண்ணீரையும் பறிகொடுத்திருந்தார். 'இருக்கட்டும், இன்னும் நாலு பாத்திதானே' என்று குனிந்துவிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது வாசல்வரை ரத்தம். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குப் பதினொரு மைல். பாதி வழியிலேயே தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருந்தபோது, யார் கண்ணிலும் படாமல் போர் மேல் ஏறித் துணியை அவிழ்த்துக் கீழே போட்டார். "துணி காத்துல கழண்டு விழுந்திருச்சு, எனக்குத் தெரியவே இல்ல" என்றார். ஊர் உச்சுக்கொட்டிவிட்டு நம்பியது. மகளுக்கு அப்போது ஏழு வயது.

போன ஞாயிற்றுக்கிழமையும் கதை அரங்கேறியது. "போன் இல்லாமலே எவ்வளவு அழகா வாழ்ந்திருக்கீங்க!" என்று சொல்லிவிட்டுத் தோழிகள் படியிறங்கினார்கள். மகள் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இனிமே அந்தத் துணிக் கதையைச் சொல்லாதீங்க."

"ஏம்மா?"

"அம்மா போன அன்னைக்குத் துணியை அவங்க கட்டலப்பா. அவங்களால எழுந்திருக்கவே முடியல. என்னைத்தான் ஏறிக் கட்டச் சொன்னாங்க. சாயங்காலம் பாத்தா துணி கீழே கிடந்துச்சு. எனக்கு ஒழுங்கா ஒரு முடிச்சுப் போடத் தெரியல. இப்பவும் எதைக் கட்டினாலும் மூணு தடவை இழுத்துப் பாப்பேன்."

கழியில் கட்டியது மனைவி என்றுதான் இத்தனை வருடமும் அவர் நினைத்திருந்தார். மகள் விடவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "உங்களுக்கு அம்மாவை இல்லாமப் பண்ணிட்டேன், நானாவது கடைசி வரைக்கும் கூட இருக்கணும்னுதான் கல்யாணமே வேண்டாம்னேன்" என்றாள்.

இப்படி ஒரு மகள் யாருக்கு வாய்க்கும் என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தவர் அவர். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"நல்லா இறுக்கித்தாம்மா கட்டியிருந்தே. நான் பாத்தேன். பாத்துட்டும் வரல. தண்ணி முறை போயிடும்னு நின்னுட்டேன். அவுத்துக் கீழே போட்டதும் நான்தான்."

மகள் எழுந்து போய்த் தோழிகள் குடித்துவிட்டு வைத்த டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் மாத்திரை, வெந்நீர், பேப்பர் எல்லாம் வழக்கம்போல் மேசைக்கு வந்தன. "அப்பா" என்ற சொல் மட்டும் வரவில்லை. திட்டினாலாவது தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் அலுவலகப் பையை எடுத்தபோது பொறுக்க முடியாமல், "என்னை மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா" என்றார்.

மகள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நான் என்ன சொல்றது? அந்த ஏழு வயசுப் பொண்ணுதான் 'என் முடிச்சாலதானா'ன்னு தன்னையே கேட்டுக் கேட்டு அழுதுச்சு. அதுகிட்டல்ல அன்னைக்கே உண்மையைச் சொல்லியிருக்கணும்."