புளியங்கொட்டைக்கு அடியில் இருந்த சொல்

புதன்கிழமை காலை இறைவணக்கம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது என் கைபேசி அடித்தது. குமரேசன் சாரின் எண். முதல் நாளும் அவர் வரவில்லை. "இன்னைக்கும் லீவா சார்? காலங்காத்தாலயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று எடுத்த எடுப்பில் சிடுசிடுத்தேன். மறுமுனையில் பேசியது அவருடைய மைத்துனர். "டீச்சருங்களா? மச்சான் விடியக்காலம் தவறிட்டாருங்க. சாயங்காலத்துக்குள்ள எடுத்துருவோமுங்க" என்றார். நான் "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். சிடுசிடுத்ததற்கு வருத்தம் தெரிவிக்கக்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இதைப் படிக்கிற ஆசிரியர்களே, உங்களில் பலர் பயிற்சி வகுப்புகளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். எல்லாரும் கைதட்டும்போது தட்டாமல், தேநீர் இடைவேளையில் மட்டும் கலகலப்பாக இருந்த அந்த உயரமான மனிதரை மறந்திருக்க மாட்டீர்கள். மல்லசமுத்திரம் பக்கத்தில் எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியை நான், உதவி ஆசிரியர் அவர். ஒன்றும் இரண்டும் என் வகுப்புகள். மூன்று, நான்கு, ஐந்து அவருடையவை. நடுவில் ஒரு தட்டிதான். அந்தப் பக்கம் அவர் பேசுவது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். பதினோரு வருடம் மத்தியானச் சோற்றை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வீட்டில் பேச ஆளில்லாத எனக்குப் பகல் முழுக்கப் பேச ஒருவர் இருந்தார், சண்டை போடவும் ஒருவர் இருந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தட்டிக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

அவருடைய மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதில் நிறையப் புளியங்கொட்டைகள். பாடத்தில் தெரியாத சொல் வந்தால் பிள்ளைகள் அவரிடம் அர்த்தம் கேட்கக் கூடாது. டப்பாவிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அந்தச் சொல்லின்மேல் வைக்க வேண்டும். சொல் மறைந்துவிடும். இப்போது முந்திய வரியைப் படி, பிந்திய வரியைப் படி, நடுவில் என்ன வந்தால் பொருந்தும் என்று உன் வாயில் வருகிற வார்த்தையைச் சொல். அப்புறம் கொட்டையை எடுத்துப் பார். கதையைவிடச் செய்திக் கட்டுரையில்தான் இது முக்கியம் என்பார். உரமூட்டையின் பின்புறம், விதைப் பாக்கெட், மின்வாரியத் துண்டுத்தாள், கோழிப்பண்ணையில் ஒட்டுகிற அறிவிப்பு என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டு வருவார். "கதையில தப்பாப் புரிஞ்சுக்கிட்டா ஒண்ணும் ஆவாதுங்க டீச்சர். மருந்து டப்பாவுல தப்பாப் புரிஞ்சுக்கிட்டா?" என்று கேட்பார்.

எனக்கு அது பிடிக்கவே இல்லை. நான் அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைத்தே பழகிய டீச்சர். சொல்லிக் கொடுக்கத்தானே சம்பளம் வாங்குகிறோம், பிள்ளைகளை இப்படித் துழாவ விடுவதற்கா என்று எரிச்சலாக இருக்கும். ஒருநாள் தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரே வரியிலேயே கால்மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள். 'கொட்டகையில் காற்றோட்டம் குறைந்தால் கோழிகள் சோர்ந்து, தீவனம் எடுக்காமல் நலியும்' என்பது வரி. கடைசிச் சொல்லின்மேல் கொட்டை இருந்தது. பொறுக்க முடியாமல் உள்ளே போனேன். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் 'நலியும் – மெலிவடையும்' என்று எழுதி, "எழுதிக்கங்க, அடுத்த வரிக்குப் போங்க" என்றேன். முன்வரிசையில் இருந்த தர்ஷினி எழுந்து, "மெலிவடையும்னா என்னங்க டீச்சர்?" என்று கேட்டாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள்.

குமரேசன் சார் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது. பிறகு அவளிடம், "ஏஞ்சாமி, சோந்து போயி தீவனமும் எடுக்காட்டி உங்க பண்ணையில கோழி என்ன ஆவும்?" என்று கேட்டார். "எளச்சுத் துரும்பாப் போயிருமுங்க சார். எங்கப்பா தனியா எடுத்து உட்டுருவாரு" என்றாள். "அவ்வளவுதான். கொட்டைய எடு" என்றார். நான் சாக்பீஸை மேசையில் எறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை. இரண்டே பெரியவர்கள் இருக்கிற பள்ளியில் பேசாமல் இருப்பது லேசான காரியமில்லை. ஒரே பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஏழாம் நாள் தர்ஷினி ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். அவருடைய குண்டுக் கையெழுத்து. 'தலைமையாசிரியை அவர்கள் ஒரு வாரமாக உதவி ஆசிரியரிடம்' என்று எழுதி, அதற்கடுத்து ஒரு புளியங்கொட்டையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார். அடுத்த வரி: 'ஆகவே உதவி ஆசிரியருக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.' நகத்தால் கொட்டையைப் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் ஒன்றும் எழுதவில்லை. தட்டிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அத நீங்களே போட்டுக்கங்க டீச்சர். கோவமா, வருத்தமா, எனக்குத் தெரீலீங்க" என்றார். இந்த வயதில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்று என் குழம்பில் பாதி அவருக்குப் போயிற்று.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் கேட்டேன். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் இரண்டு வருடம் ரிக் வண்டியில் ஹெல்பராகப் போனாராம். ஆந்திராவில் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. "பாஷை ஒரு எழுத்துத் தெரியாது டீச்சர். நெலத்துக்காரர் ஓடியாந்து என்னமோ கத்துவாரு. என்னங்கன்னு அர்த்தம் கேட்டு நின்னா கை போயிரும். அவரு கண்ணு எங்க போவுது, கத்தறதுக்கு முன்னாடி என்ன நடந்துது, கத்துனதும் மத்தவங்க எந்தப் பக்கம் ஓடறாங்க, அதப் பாக்கோணும். அர்த்தம் அக்கம்பக்கத்துலதான் இருக்கும். முன்னாடி ஊட்லயும் பின்னாடி ஊட்லயும் போயி விசாரிச்சாச் சொல்லிருவாங்க." பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்றேன். "தப்பா இருந்தா அடுத்த வரி இடிக்குமுங்க. இடிச்சாத் திரும்பி வரட்டும்" என்றார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை அவரிடம் நான் சொல்லவே இல்லை. நாளைக்குச் சொன்னால் என்ன, அவர் எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்துவிட்டேன்.

இப்போது அவர் போவதற்கு இரண்டு நாள் முன்னால் வந்த அந்தத் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

காலையில் வண்டியை நிறுத்திவிட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நெஞ்சுல என்னமோ அடைச்சாப்புல இருக்குதுங்க டீச்சர். என்னன்னே தெரீல" என்றார். நான் வருகைப் பதிவேட்டிலிருந்து நிமிராமலே, "கேஸ் சார். வெறும் வயித்துல டீய ஊத்திக்கிட்டு வந்திருப்பீங்க" என்றேன். சத்துணவு அம்மாவிடம் சொல்லி ஓமம் போட்டுத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "தேவலைங்க" என்றார். தலைமையாசிரியை அர்த்தம் சொல்லிவிட்டாள், அவரும் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் சட்டை நிழலிலேயே நனைந்திருந்தது. வழக்கமாக ஒற்றைக் கையில் தூக்குகிற தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்தார். சோற்று டப்பாவைத் திறந்து, பார்த்து, மூடிவிட்டார். சாயங்காலம் கிளம்பும்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "வண்டி ஹேண்டில் இழுக்குதுங்க" என்றார். முன்னாலும் பின்னாலும் இத்தனை வரிகள் இருந்தன. எல்லாவற்றையும் நான் பார்த்தேன். ஒன்றையும் படிக்கவில்லை. பாவி, ஒரு ஆட்டோவைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கக் கூடாதா? அன்றைக்கே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று தெரிந்த டாக்டர் ஒருவரைக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவியிடம் இதைச் சொன்னேன். திட்டட்டும் என்றுதான் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானும் அதையேதானுங்க டீச்சர் சொன்னேன். செவ்வாக்கெழம சோடா வாங்கியாந்து குடுத்தேன். ஏப்பம் வந்துது, செரியாப் போச்சுன்னாரு" என்றார். இருவரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். செய்தி வந்த பிறகு தட்டியின் அந்தப் பக்கம் போனேன். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் அவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வாய் வரவில்லை. பெரியவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்கு வீட்டில் போய்த் தெரியட்டும் என்று ஒரு கோழைத்தனம் செய்தேன். கரும்பலகையில் அறிவிப்பாக எழுதிப் போட்டேன். 'நம் பள்ளி ஆசிரியர் திரு. குமரேசன் அவர்கள் இன்று அதிகாலை இயற்கை எய்தினார். அன்னாரது பிரிவால் வாடும் குடும்பத்தாருக்கு ஆறுதல் கூறும் பொருட்டு இன்று பிற்பகல் பள்ளி விடுமுறை.' வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். பெற்றோருக்குப் புரிய வேண்டும், பிள்ளைகளுக்குப் புரியக் கூடாது. "நோட்டுல எழுதிக்கிட்டுப் போயி ஊட்ல காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தை மறைத்துக்கொள்ள அலமாரிப் பக்கம் திரும்பி நின்றேன்.

பின்னால் டப்பா குலுங்கும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் அவரவர் நோட்டில் 'இயற்கை எய்தினார்' மேல் கொட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சொல்லவில்லை, தெரியாத சொல் வந்தால் செய்கிற வேலை அது. "சாரு மாறுதலாயிப் போயிட்டாரு" என்றது ஒரு குரல். ஒரு நொடி எனக்கே அது உண்மையாக இருக்கக் கூடாதா என்று இருந்தது. "இடிக்குது" என்றாள் தர்ஷினி. "மாறுதல்னா ஊட்ல இருக்கறவங்க எதுக்கு வாடோணும்? அவுங்களும் கூடத்தான போவாங்க. நமக்கு எதுக்கு லீவு?" மறுபடியும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படித்தாள். பிறகு வகுப்பே மெல்ல மெல்ல அடங்கிப் போனது. எப்போதும் முந்திக்கொண்டு அர்த்தம் சொல்கிற என் வாய் அன்றைக்குத்தான் மூடிக் கிடந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு அவள் என்னிடம் வந்தாள். கொட்டை இன்னும் அந்தச் சொல்லின்மேல் இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை. "டீச்சர், சார் செத்துட்டாருங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா சாமி" என்றேன். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மொத்தப் பிள்ளைகளும் அழுதார்கள். கடினமான சொல்லுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்ததை அவர் பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்கள் செய்ததுதான் சரி சார். இதை உங்களிடம் சொல்ல எனக்குப் பதினோரு வருடம் இருந்தது.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஒரு ஆசிரியர் மாற்றுப் பணியில் வந்து போகிறார். மற்ற நாட்களில் ஐந்து வகுப்புக்கும் நான்தான். பிஸ்கட் டப்பா அதே மேசையில் இருக்கிறது. பிள்ளைகள் கொட்டை வைக்கிறார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால், பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, எப்போதிருந்து, அதற்கு முன்னால் என்ன செய்தாய், வேறெங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன்.

அவர் எழுதிக் கொடுத்த தாளும் என்னிடம் இருக்கிறது. கொட்டை இருந்த இடத்தில் பசைக் கறை மட்டும் பழுப்பாக இருக்கிறது. மத்தியானம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து சோற்று டப்பாவைத் திறக்கும்போது அதை எடுத்துப் பார்ப்பேன். 'ஆகவே உதவி ஆசிரியருக்கு மத்தியானச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.' உதவி ஆசிரியர் என்ற இடத்தில் தலைமையாசிரியை என்று போட்டுப் படிக்கிறேன். எங்கேயும் இடிக்கவில்லை.