எருக்கம்பூ கேட்டு வந்தவர்

மறுபடியும் தன் வீட்டு வாசலில் ஒரு குரோட்டன்ஸ் செடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார் கிளியம்மாள். வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்து, எதிர்வீட்டுப் பக்தவச்சலத்தின் கேட்டருகே கொண்டுபோய் வைத்துவிடுவார். தெரு நலச் சங்கத்தின் செயலாளர் பக்தவச்சலம். அதை நட ஆள் அனுப்பியவரும் அவரே. "செடி இன்னா பண்ணுச்சி, பாவம். நட்டவனச் சொல்லணும்" என்று அந்த வீட்டு ஜன்னலுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் திரும்புவார்.

கோவிலம்பாக்கத்தில் எங்கள் தெருவில், கிளியம்மாள் வீட்டு மதிலுக்கும் சாலைக்கும் நடுவே கொஞ்சம் மண் மிச்சமிருக்கிறது. நொச்சி, ஆவாரை, ஆடாதொடை, கேட்டை ஒட்டி ஆளுயரத்துக்கு எருக்கு நின்றது. சுற்றுவட்டாரத்தில் எந்தக் காலி மனையில் ஜேசிபி வந்து நின்றாலும் கையில் ஒரு பழைய பக்கெட்டோடு ஓடுவார். அப்படிக் கொண்டுவந்து சேர்த்தவைதான் இத்தனையும்.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டில் துளை போடும் மெஷின் ஓட்டுகிறார். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் அவர் சொல்லும் ரகசியம்கூடத் தெருமுனை வரை போகும். கொஞ்சுவதும் திட்டுவது போலவே இருக்கும். எருக்கிலையில் ஊரும் வரிவரியான புழுக்களிடம், "தின்னுத் தொலைங்க. ஒங்களுக்குத்தான வெச்சிக்கீறேன்" என்பார்.

சங்கத்துக்கு இது புதர். பாம்பு வரும், மனை பார்க்க வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேச்சு. சங்கம் போட்ட புல்தரையோ, லாரித் தண்ணீர் ஊற்றியும் சித்திரை வெயிலில் கருகிப்போனது. கிளியம்மாள் கூட்டத்தில் எழுந்து, "வேளாவேளைக்கி ஊத்தினாத்தான் நிக்கும்னா அது செடியா சார், வூட்டு மாப்ளையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பக்தவச்சலம் சிரிக்கவில்லை.

போன வாரம் கிளியம்மாள் வேலைக்குப் போயிருந்தபோது ஆள் வைத்து எருக்கை அடியோடு வெட்டிப் போட்டார் பக்தவச்சலம். வாசலில் எருக்கு நின்றால் குடும்பம் விளங்காது என்பது அவர் சொன்ன காரணம். வரும் ஞாயிறு மிச்சத்தையும் எடுத்துவிட்டு சிமென்ட் கல் பதிக்கப் போவதாகவும் சொல்லியனுப்பினார். சின்ன விஷயத்துக்கெல்லாம் தெருவைக் கூட்டுகிற கிளியம்மாள், பால் வடியும் அடிக்கட்டையைப் பார்த்தபடி அன்று வாயே திறக்காமல் நின்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வெட்டிய கிளைகளை எடுக்க வந்தவர்களை அள்ளவும் விடவில்லை. அவை மதிலோரமே கிடந்து காய்ந்தன.

நேற்று, விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள், பக்தவச்சலத்தின் மனைவி சுஜி கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். வருஷா வருஷம் பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை இந்தச் செடியிலிருந்துதான். ஊருக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியவருக்கு, கேட்டருகே வந்தபிறகுதான் கட்டை கண்ணில் பட்டது போலும்.

"அக்கா, பின்னாடி வேற செடி எதுவும் இருக்கா? மாலைக்கு மட்டும் போதும். இவர் இப்படிப் பண்ணுவார்னு எனக்குத் தெரியாதுக்கா."

"வூடு வெளங்காதுன்னு வெட்டினது ஒன் வூட்டுக்காரரு. வெளங்காத செடியோட பூ ஒன் பிள்ளையாருக்கு எதுக்கும்மா?"

சுஜி தன் வீட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். திரை அசைந்தது.

கிளியம்மாள் அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மதிலோரம் குந்தி, காய்ந்த எருக்கங்கிளைகளை ஒவ்வொன்றாக முழங்காலில் வைத்து ஒடித்துப் பைக்குள் திணித்தார். இனி ஒரு குச்சிகூட நுழையாது என்றானதும் எழுந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தாம்பூலம் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் அந்தப் பையை நீட்டினார்.