சம்பந்தியின் பொக்லைன்

சிவப்பு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதன் குறுக்கே ஒரு கோடு. சம்பந்தி வாங்கிய பழைய பொக்லைனின் திரையில் அதை நான் பார்த்தபோது, தூர் வார இறங்கிய வண்டி இலத்தூருக்குப் பக்கத்தில் ஒரு வறண்ட குளத்தின் நட்ட நடுவில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சின் ஓடியது. ஆனால் மண் அள்ளும் கை அசையவில்லை, செயின் உருளவில்லை. தொடர்பு இல்லை என்பது அந்தக் குறியின் பொருள் என்று மருமகன் செல்போனில் தேடிச் சொன்னார். மேற்கே திரும்பிப் பார்த்தேன். குற்றால மலையைக் காணவில்லை. மேகம் அதை அடிவாரம் வரைக்கும் மூடியிருந்தது. ஐந்தருவியில் குளிக்க விடவில்லை என்று காலையிலிருந்தே எல்லார் செல்போனிலும் படம் வந்துகொண்டிருந்தது. அங்கே கொட்டுகிற தண்ணீர் கால்வாய் வழியாக இந்தக் குளத்துக்கு வர அரைநாள் ஆகும். அதில் பாதி ஏற்கெனவே போயிருந்தது.

என் மகளின் மாமனாரைத்தான் சம்பந்தி என்கிறேன். அச்சன்புதூரில் நெல் வயல் வைத்திருந்தவர். வெளிநாட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மகனை ஊரிலேயே இருத்த வேண்டும் என்று இந்த இயந்திரத்தை வாங்கினார். ‘இங்கன வேலை இருந்தா நான் ஏன்ப்பா அங்கன போறேன்?’ என்று மகன் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக இருபது டன் இரும்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். வண்டி மூழ்கினால் மருமகன் திரும்ப விமானம் ஏறுவார். என் மகள் மறுபடியும் வாரத்துக்கு ஒருநாள் வீடியோவில் குடும்பம் நடத்துவாள். அதனால் அந்தக் குளத்துக்குள் நின்ற மூன்று பேருக்கும் கவலை ஒன்றுதான். நான் மட்டும் அதை வெளியே சொல்லிக்கொண்டே இருந்தேன்.

லேப்டாப் கொண்டுவந்து பார்க்கும் மெக்கானிக் மறுநாள்தான் வர முடியும் என்றுவிட்டார். நான் தென்காசியில் டெலிபோன் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐம்பது ஜோடிக் கம்பி உள்ள கேபிளில் எந்த ஜோடி ஊமையாகிவிட்டது என்று தேடியே காலம் போனது. எண்ணுவது அங்கே தொற்றிய பழக்கம். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலை எண்ணாமல் உட்கார மாட்டேன். என் பழைய மல்டிமீட்டரை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பியவர் சம்பந்திதான்.

“பொக்லைனும் டெலிபோனும் ஒண்ணா?” என்று கேட்டேன்.

“அதுக்குள்ளயும் ரெண்டு கம்பிதான் பேசுதாம்லா. உங்களுக்கு ரெண்டுதானே தெரியும்? மூணு இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேன்” என்றார்.

அவர் சொன்னது சரிதான். இந்தக் காலத்து வண்டியில் எஞ்சினுக்கு ஒரு பெட்டி, கைக்கு ஒரு பெட்டி, திரைக்கு ஒரு பெட்டி என்று தனித்தனி மூளைகள் இருக்கின்றன. முறுக்கிய ஒரு ஜோடிக் கம்பியில்தான் அவை எல்லாம் பேசிக்கொள்கின்றன. ஜோடியின் இரண்டு முனையிலும் நூற்றிருபது ஓம் தடை ஒவ்வொன்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு நடுவில் அளந்தால் அறுபது காட்ட வேண்டும். நூற்றிருபது காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. ஒன்றுமே இல்லாததுபோல் காட்டினால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மருமகன் சீட்டுக்குப் பின்னால் இருந்த பிளக்கைத் திறந்து, எந்த ஊசி எது என்று செல்போனில் பார்த்துச் சொன்னார். அளந்தேன். சரியாக அறுபது.

அதற்கு முன் எந்தச் சரியான எண்ணும் என்னை இவ்வளவு கலங்கடித்ததில்லை. மறுபடி அளந்தேன். அறுபது. சம்பந்தி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். மூழ்கப் போகிற வண்டி அவருடையது. ஆனால் கண்ணில் பயத்தைவிட ஆசைதான் அதிகம். மீட்டருக்கு எண் எங்கிருந்து வருகிறது, கம்பியை ஏன் முறுக்கி வைத்திருக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல் வந்தது.

“அப்பம் ரெண்டுக்கும் சண்டை இல்ல. நடுவுல வேற எவனாவது புகுந்து கெடுக்கானோ?” என்றார்.

அதற்குப் பிறகுதான் என் கை தன் பழைய வேலைக்குத் திரும்பியது. கம்பிக்கும் கம்பிக்கும் அளந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு கம்பிக்கும் மண்ணுக்கும் அளக்க வேண்டும். இங்கே மண் என்பது வண்டியின் உடம்பு. ஒரு கம்பி அதே அறுபதில் நின்றது. இன்னொன்றை உடம்போடு அளந்தபோது எண் சரசரவென்று இறங்கி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. கம்பி எங்கோ இரும்பைத் தொடுகிறது. மருமகன் கேபினுக்குள் ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் தட்டினார். வலப்பக்கத் தூணில் தட்டியபோது எண் துள்ளியது.

அந்தத் தூணில்தான் சாமிகள் இருந்தார்கள். பழைய வண்டி வாங்குகிறவர்களிடம் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் வைத்திருந்தவரின் சாமியைக் கழற்ற மாட்டார்கள். பக்கத்தில் தங்கள் சாமியையும் சேர்த்துக்கொள்வார்கள். கேரளத்தில் முதலில் வாங்கியவரின் மாதா படம், அடுத்தவர் ஒட்டிய 786 தகடு, கடைசியாகச் சம்பந்தியின் குலதெய்வம் சாஸ்தா. பசையில் ஒட்டியிருந்த பழைய இரண்டும் அதிர்வில் விழுந்துவிடக் கூடாது என்று, மூன்றையும் அவரே திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். எண்ணினேன். ஆறு திருகாணி. அதில் ஏதோ ஒன்றுதான் தூணுக்குள் ஓடும் கம்பியை உரசி உரசி உள்ளே இறங்கியிருக்கிறது.

“முதல்ல மாதாவைப் பாருங்க” என்றார் சம்பந்தி.

கழற்றினோம். எண் அசையவில்லை.

“அந்தத் தகட்டையும் பாத்துருங்க.”

அசையவில்லை. கால்வாய்ப் பக்கம் மடையடியில் தண்ணி, தண்ணி என்று யாரோ கூவுகிற சத்தம் கேட்டது. சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

“சாஸ்தாவுக்குப் போட்டது கொஞ்சம் நீளம், சம்பந்தி. நம்மாளு கூடக் கொஞ்சம் உறுதியா இருக்கட்டுமேன்னு…”

“எப்பா! இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா?” என்று கத்தினார் மருமகன்.

“ஏலே, எடுத்த எடுப்புல சாமி மேல பழி போடச் சொல்லுதியா?”

சாஸ்தாவையும் கழற்றினோம். ஒரு திருகாணியின் நுனியில் செம்பு மின்னியது. நீளமாக இருந்தவை இரண்டு. தவறு செய்தது இடப்பக்கத்தது. கம்பிக்கு டேப் சுற்றி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினோம். சிவப்புப் பெட்டி வந்தது, ஒரு மூச்சு நேரம் நின்றது, போய்விட்டது. கை உயர்ந்தது. மருமகன் வண்டியைக் கரையை நோக்கித் திருப்பினார். நாங்கள் பின்னாலேயே நடந்தோம். சருகும் நுரையுமாகப் பழுப்புத் தண்ணீர் குளத்தின் பள்ளத்தைத் தேடி வந்தபோது, செயின் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மருமகன் இறங்கிவந்து முகம் கழுவினார். அவர் அதற்குப் பிறகு விமானம் ஏறவில்லை.

கரையில் உட்கார்ந்தோம். சம்பந்தியின் மடியில் சாஸ்தா.

“இவ்வளவு நேரம் பேசாமக் கெடந்துச்சுகளே, கம்பி சரியானதும் முதல்ல என்ன பேசியிருக்கும்?” என்று கேட்டார்.

“ஒண்ணும் பெருசா இல்ல. ஒவ்வொரு பெட்டியும் நான் இருக்கேன், நான் இருக்கேன்னு மத்ததுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். அது வரலன்னா மத்தது வேலையை நிறுத்திரும்.”

“சாப்பிட்டியா கீப்பிட்டியான்னு ஒண்ணும் கேக்காதா?”

“கேக்காது.”

“நல்ல பழக்கம்தான்” என்றார்.

மறுநாள் காலை போன் வந்தது. “இருக்கேன், சம்பந்தி.” அவ்வளவுதான், வைத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் வந்தது. நானும் இருக்கிறேன் என்று சொல்வதற்குள் வைத்துவிடுவார் என்று எனக்குக் குறை. சற்றுத் தாமதமானால் மகளைக் கூப்பிட்டு விசாரிப்பேன். அவள் சிரிப்பாள்.

போன மார்கழியில் சம்பந்தி தூக்கத்திலேயே போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில், போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மருமகனைக் கூப்பிட்டேன். அதிகம் பேசாத மனிதர் அவர். பின்னால் பொக்லைனின் உறுமல் கேட்டது.

“என்ன மாமா, இந்நேரத்துல?”

“ஒண்ணுமில்ல. இருக்கேன்.”

உறுமல் நின்றது. வண்டியை அணைத்துவிட்டார் போலிருக்கிறது.

“சரி மாமா” என்றார். “நானும் இங்கனதான் இருக்கேன்.”

நான் வைக்கும்வரை அவர் வைக்கவில்லை.