ஒன்பதாம் லயம், மூன்றாம் காம்பரா

எங்கள் வீட்டுக்குப் பொலிஸ் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் மடுல்சீமைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து வீட்டில் அம்மாவோடு இருப்பேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள், எண்ணெய்க் கையோடு எழுந்து ஐந்து பொலிஸ்காரர்களுக்கு வழிவிட்டேன்.

கசிப்புக் கேன்களை வீட்டில் பதுக்கி வைத்திருப்பதாகத் தகவல் வந்ததாம். நானும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டில் கள்ளச்சாராயம்! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடையில் பேசிப் பேசிச் சிங்களம் நன்றாக வரும் என்பதால், அவர்கள் கையில் இருந்த காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தோட்டத்தின் பெயர், ஒன்பதாம் லயம், மூன்றாம் காம்பரா. லயம் என்பது தோட்டத்து வரிசை வீடு, காம்பரா அதில் ஓர் அறை. எழுத்துப் பிசகாமல் எங்கள் விலாசம். சிரிப்பு அதோடு போய்விட்டது.

அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். துணிப்பெட்டியைப் பாயில் கொட்டினார்கள். கொல்லையில் கம்பியால் குத்திப் பார்த்தார்கள். அடுப்பங்கரைக்கு வந்தபோதுதான் பால்போத்தல்கள் அவர்கள் கண்ணில் பட்டன. அம்மா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் மலைக்குப் போவார்கள். ஞாயிறுதோறும் போத்தல்களையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொதிநீரில் போட்டு எடுப்பது அம்மாவின் வழக்கம். அன்றும் பன்னிரண்டு போத்தல்கள் வெள்ளைத் துணியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பொலிஸ்காரர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே பிடித்து முகர்ந்தார். இரண்டு கைதவறி விழுந்து உடைந்தன. லயமே வாசலில் கூடிநின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருவர் குறிப்புப் புத்தகத்தில் சிங்களத்தில் ஏதோ எழுதி அம்மாவிடம் நீட்டினார். அம்மா என்னவென்று கேட்காமலே கையெழுத்துப் போட்டார். அவர்கள் படியிறங்கிப் போனதும் என் கோபமெல்லாம் அம்மா மேல் திரும்பியது.

“என்னா எழுதியிருக்குன்னு தெரியாம கையெழுத்துப் போடுவீங்களா? நான் ஒருத்தி பக்கத்துல நிக்கிறேன்ல?”

“போட்டாத்தானே போவாங்க” என்று சொல்லிவிட்டு அம்மா அரிசியை அள்ளத் தொடங்கினார்.

தவறு எங்கே நடந்தது என்பது அரிசியை அள்ளி முடிப்பதற்குள் எங்களுக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவுகள். ஒவ்வொன்றிலும் லயங்களை ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். நாங்கள் கீழ்க்கணக்கில் ஒன்பதாம் லயம், மூன்றாம் காம்பரா. மேல்கணக்கிலும் ஓர் ஒன்பதாம் லயம் உண்டு, அதிலும் ஒரு மூன்றாம் காம்பரா உண்டு. கசிப்பு எந்த மூன்றாம் காம்பராவில் காய்ச்சப்படுகிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தகவல் கொடுத்த புண்ணியவான் கணக்கைச் சொல்ல மறந்திருக்கிறான்.

மறுநாள் பிள்ளைக்காம்பராவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகளில் ஐந்து பேர் வந்தார்கள். புதன்கிழமை மூன்று பேர். போத்தலை முகர்ந்து பார்த்தார்களாம் என்பது, போத்தலில் ஏதோ இருந்ததாம் என்று மாறி, பிள்ளைகளைத் தூங்கவைக்க ஆயா ஏதோ கலக்குகிறாராம் என்று வந்து நின்றது. மேல்கணக்குப் பிள்ளைக்காம்பராவின் கூரை காற்றில் போனதிலிருந்து அங்குள்ள பிள்ளைகளும் அம்மாவிடம்தான் வந்தார்கள். அந்த மூன்றாம் காம்பராவின் பெண்பிள்ளையும் அதில் ஒன்று. முதலில் வராமல் நின்றது அந்தப் பிள்ளைதான்.

இப்படியே போனால் இடத்தை மூடிவிட்டு அம்மாவைக் கொழுந்து மலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டுப் போனார். அம்மா அதற்கு அசரவில்லை. “என் கையில புள்ளையக் குடுக்கப் பயப்படுறாங்கடி” என்று சொன்னபோதுதான் அழுதார்.

அடுத்த வாரம் அம்மாவைப் பதுளைக்குக் கூட்டிப்போனேன். நீதிமன்றத்துக்கு அருகே ஏழைகளுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஒரு பெண் சட்டத்தரணி இருந்தார். அன்று நான் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த உடைந்த போத்தல்களின் படங்களைப் பார்த்தார். வந்தவர்களின் சட்டையில் இருந்த இலக்கங்களை நான் குறித்து வைத்திருந்தது நல்லது என்றார். அம்மா போட்ட கையெழுத்துக்கூட நமக்கு உதவும், அந்தக் குறிப்பின் பிரதியைக் கேட்டு எழுதலாம் என்றார். நான் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பொலிஸ் மேலதிகாரியிடம் முறையிடலாம். பொலிஸார் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கவென்றே கொழும்பில் ஓர் இடம் இருக்கிறது, அங்கே எழுதலாம். உடைந்தவற்றுக்கு நட்டஈடு கேட்டு இங்கேயே வழக்குப் போடலாம், ஆனால் அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்கே போகலாம், அதற்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த ஒரு மாதத்துக்குள் பதுளையிலேயே மனித உரிமை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலத்தை அந்தத் தவணையில் சேர்க்க மாட்டார்கள். இதையெல்லாம் அவர் பொறுமையாகச் சொன்னார். உயர் நீதிமன்றம் என்ற சொல்லைக் கேட்டதுமே நான் மனதுக்குள் கொழும்பு பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஐந்து பேரையும் கூண்டில் நிறுத்தி, அந்தப் போத்தல்களை ஒவ்வொன்றாக முகரச் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அம்மா கேட்டார்: “இதுல எதைப் போட்டா புள்ளைங்க திரும்பி வருவாங்க?”

சட்டத்தரணி பேனாவை மூடி வைத்தார். பிறகு, “கடிதம் ஒன்று கேட்போம். தவறுதலாக வந்தோம், ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர்களே எழுதித் தரட்டும்” என்றார்.

மனித உரிமை அலுவலகத்துக்கான முறைப்பாட்டை அன்றே நான் எழுதினேன். நான்கு பக்கம். ஒரு விலாசத்தைச் சரியாக விசாரிக்கத் தெரியாதவர்கள் என்று பொலிஸாரை இரண்டு இடத்தில் கிண்டலடித்திருந்தேன். சட்டத்தரணி இரண்டையும் வெட்டிவிட்டார்.

அந்த அலுவலகத்தில் நடந்த விசாரணைக்குப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி வந்தார். குறிப்புப் புத்தகத்தை வாசித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று இருந்தது, எதற்கும் சேதமில்லை என்றும் இருந்தது. நான் உடைந்த போத்தல்களின் படத்தைக் காட்டினேன். அவர் அதற்கு வருத்தம் தெரிவித்தார். கடிதம் தருவதற்கும் ஒப்புக்கொண்டார். அப்புறம் மிக மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்: அப்படியானால் பொலிஸ் போயிருக்க வேண்டிய வீடு எது? நான் அதைத் தமிழில் சொன்னேன். அம்மா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“தெரியாதுங்க மாத்தியா.”

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏன்ம்மா தெரியாதுன்னீங்க? அந்த மேல்கணக்குக்காரங்களாலதானே இவ்வளவும்?”

“அப்பனப் புடிச்சிட்டுப் போனா அந்தப் புள்ள என்னாடி செய்யும்? இப்பத்தான் சுவரப் புடிச்சு நடக்குது.”

இந்த அம்மாவுக்காக வழக்காட எந்தச் சட்டத்தாலும் முடியாது என்று அன்று நினைத்தேன், கோபத்தோடுதான்.

கடிதம் வரவில்லை. ஒரு மாதம் போனது, இன்னொன்றும் பாதி போனது. பிள்ளைக்காம்பராவில் அதே மூன்று பேர். நான் காய்ச்சல் என்று லீவு போட்டு வந்திருந்த ஒரு நாள், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்குப் பிரிந்த நேரம், அம்மாவோடு அங்கே உட்கார்ந்திருந்தேன். கொழுந்துக்கூடையோடு ஒரு பெண் ஏறி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் பழுப்பு உறை. மேல்கணக்கு மூன்றாம் காம்பராக்காரி.

“ஆயாம்மா, ஒங்க கடுதாசி எங்க வீட்டுக்கு வந்துருச்சு. ஆபீஸ்ல புதுசா வந்த தபால்காரரு நம்பரப் பாத்துக் குடுத்துட்டாரு. பொலிஸ் முத்திரையப் பாத்ததும் எங்களுக்குத்தான்னு நெனச்சுப் பிரிச்சுட்டேன்.”

நான் வாங்கிப் பார்த்தேன். ஒன்பதாம் லயம், மூன்றாம் காம்பரா. கணக்கு இல்லை. முறைப்பாட்டில் விலாசத்தை எழுதியது நான். நான்கு பக்கம் எழுதியவள் அந்த ஒரு சொல்லை எழுதவில்லை. முகம் சுட்டது எனக்கு.

“தவறுதலா வந்தோம், இந்த வீட்டுல ஒண்ணும் கெடைக்கலன்னு போட்டிருக்கு” என்றாள் அவள். “நம்ம நம்பர்தானே, வச்சிருந்தா நமக்கு ஒதவும்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. காலையில பெரட்டுல கணக்கப்புள்ளகிட்டக் குடுத்து, இது கீழ்க்கணக்கு ஆயாம்மாவுக்கு வந்ததுன்னு சொல்லி, எல்லாருக்கும் கேக்க வாசிக்க வச்சேன்.”

அதைச் சொன்னபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியானால் பொலிஸ் தேடியது எந்த வீட்டை என்று பெரட்டில் நின்ற அத்தனை பேருக்கும் அவளே சொல்லிக்கொடுத்த மாதிரிதான்.

அம்மா கடிதத்தைக் கேட்கவில்லை. கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

“புள்ள சாப்பிட்டுச்சா?”

“இல்லீங்க. அவசரத்துல வந்துட்டேன்.”

அம்மா ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டே பாலைக் கலக்கி, போத்தலை அவளிடம் கொடுத்தார். அவள் அதை மூக்கருகே கொண்டுபோகவில்லை. நேரே பிள்ளையின் வாயில் வைத்தாள்.